எடு என்றார்கள், எடுக்காதே என்றார்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு, காத்திருக்கும் கூடம்
புதன் மாலை

என் அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்து நலத்தைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது? இங்கே நடப்பதெல்லாம் எனக்கு முன்னால் உனக்குத்தானே தெரிந்துவிடுகிறது.

மத்தியானம் போனில் கத்திவிட்டேன். "நீயும் அந்த டாக்டர் கூட்டம்தானே" என்று கேட்டேன். நீ பட்டென்று வைத்துவிட்டாய். அடுத்த நிமிஷமே மாப்பிள்ளை கூப்பிட்டு, "மாமா, அவளுக்கு பிரஷர் ஏறுது, கொஞ்சம் பார்த்துப் பேசுங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் காது வலிக்காது. எழுதி முடித்ததும் படம் பிடித்து அவருக்கு அனுப்புகிறேன். உன்னிடம் எப்போது காட்டலாம் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனவள் பக்கெட்டோடு சாய்ந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வாயில் குழாய், குழாயின் அடுத்த முனையில் வென்டிலேட்டர். கை சூடாக இருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. நேற்று கன்னத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம்கூடத் தெரிந்தது. இப்படி இருப்பவளைப் பற்றித்தான் நீ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, "அம்மா இனிமே எழுந்திருக்க மாட்டாங்கப்பா" என்கிறாய். ஸ்கேன் படத்தைப் பார்த்தாயாம். நான் ஆளையே பார்த்துக்கொண்டிருக்கிறேனே, அதற்கு என்ன மதிப்பு?

சரி, சண்டை வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சந்தேகம் வருமா வராதா என்று நீயே சொல்.

வேலைக் காலம் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். பெட்டிக்குள் கால் வைத்ததுமே எவன் டிக்கெட் இல்லாதவன் என்று கண்டுபிடித்துவிடுவேன். டிக்கெட் வைத்திருப்பவன் என்னைப் பார்ப்பான். இல்லாதவன் ஜன்னலைப் பார்ப்பான், அன்றைக்குத்தான் வயலையும் மாட்டையும் முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி. இந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஜன்னலைப் பார்க்கிறார்கள். ஐசியூவுக்குள் ஜன்னல் கிடையாது, அதனால் மானிட்டரைப் பார்க்கிறார்கள். நான் கேள்வி கேட்டால் பதில் மானிட்டருக்குத்தான் போகிறது.

இங்கே இளம் டாக்டர் ஒருவன் இருக்கிறான். எந்நேரமும் கொட்டாவி விட்டுக்கொண்டே திரிவதால் நான் அவனுக்குக் கொட்டாவி என்றே பெயர் வைத்துவிட்டேன். நேற்று அவன் வந்து, "உங்க வீட்டம்மா லிவிங் வில் எழுதி வெச்சிருக்காங்களாமே சார், உங்க பொண்ணு போன்ல சொன்னாங்க" என்றான். எனக்குத் திக்கென்றது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாமல் நீ அவனிடம் பேசியிருக்கிறாய். நானாக அதைச் சொல்லியே இருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அம்மா அதை எழுதிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் பெரியம்மா மாசக்கணக்கில் குழாயும் எந்திரமுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், மறுவாரமே வக்கீலிடம் கிளம்பிவிட்டாள். இனிப் பிழைக்க வழியே இல்லை என்று ஆனால் என்னை எந்திரத்தில் போட்டு இழுத்தடிக்காதீர்கள் என்று எழுதி, எனக்காக முடிவெடுக்க வேண்டியவர் என் மகள் என்று உன் பெயரைப் போட்டாள். நான் வக்கீல் ஆபீஸ் வாசல் பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஏன் என் பெயரைப் போடவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு டாக்டரை எல்லாம் டிக்கெட் கேட்டுக்கிட்டே இருப்பீங்க. நான் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அதே சூட்டில் உறுப்பு தானத்துக்கும் பதிவு செய்துவிட்டாள். தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் இருந்தவள் இல்லையா, "வாழ்நாள் பூரா மத்தவங்களுக்கு மூட்டை கட்டினது போதும். போகும்போது நான் ஒண்ணையும் கட்டிக்கிட்டுப் போகலை. எது உருப்படியா இருக்கோ எடுத்துக் கொடுத்துடுங்க" என்றாள். அவள் சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் போனால்தானே கொடுப்பதற்கு?

கொட்டாவி கதைக்கு வருகிறேன். "அம்மா விருப்பப்படி மெஷினை எடுத்துடலாம் சார், ஆனா நாங்க இங்க எடுக்க முடியாது" என்றான். பிறகு யார் எடுப்பது? டாக்டர் பேச்சை மீறி நானே பிடிவாதமாக வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆம்புலன்ஸில் ஏற்றி வாசலைத் தாண்டியதும் குழாயைக் கழற்றிவிடுவார்களாம். கேட்டாயா கதையை! சொல்வது அவன், மீறியது நானாம். சட்டம் அனுமதிக்கிற காரியம் என்றால் அதை ஏன் வண்டிக்குள் வைத்து ஒளித்துச் செய்ய வேண்டும்? "எந்தச் சட்டத்துல இப்படி இருக்கு?" என்று கேட்டேன். மானிட்டரைப் பார்த்தான்.

அது நேற்று. இன்று காலை ஒரு அம்மா வந்தார். கழுத்தில் அட்டை, உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் என்று. பஞ்சு மாதிரி குரல். கையில் எனக்காக டீ வேறு. பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வீட்டம்மா ரொம்பப் பெரிய மனசுக்காரங்க சார்" என்று ஆரம்பித்து, சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று மெல்ல மெல்ல உள்ளே போனார். டீயைக் கீழே வைத்துவிட்டேன். "அவ உள்ள இருக்காம்மா, இன்னும் போகலை" என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பெரிய டாக்டர் என்னிடம் எதுவும் பேசவில்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் அவசரமாக எழுந்து போனார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மத்தியானம் கொட்டாவி மறுபடி வருகிறான். "மெஷினை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் சார், இருக்கட்டும்" என்கிறான். நேற்று எடு, இன்று எடுக்காதே! நடுவில் என்ன நடந்தது? பஞ்சுக்குரல் வந்தது, வேறென்ன? நேற்று வரை என் பெண்டாட்டி வெறும் நோயாளி, கூட்டிக்கொண்டு போ என்றார்கள். இன்றைக்கு அவளுக்குள் இருப்பதன் அருமை தெரிந்துவிட்டது. காய்கறி வாடாமல் ஃபிரிட்ஜில் வைக்கிற மாதிரி அவளை எந்திரத்தில் வைத்திருக்கிறார்கள். இதைத்தான் போனில் உன்னிடம் கேட்டேன். நீ, "அது அப்படி இல்லப்பா, அது வேற, இது வேற" என்று ஆரம்பித்தாய். கொட்டாவியும் இதே வார்த்தையைத்தான் சொன்னான். எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தீர்களா?

இன்னொன்று. என் எதிர் பெஞ்சில் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்த ஒரு ஆள் படுத்திருக்கிறான். கல்லீரல் கோளாறாம். அவன் மனைவி காலையிலிருந்து என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். முன்பின் தெரியாத பெண் என்னைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்? நீ டாக்டர், உனக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

நாளைக் காலையில் பெரிய டாக்டரை அவர் அறை வாசலிலேயே வழிமறிக்கப் போகிறேன். அதுவரை நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். நீயும் போனில் யாருக்கும் சரி என்று சொல்லாதே, இது அப்பாவின் மேல் ஆணை. அம்மாவை அவசரப்பட்டு அனுப்பவும் விடமாட்டேன், யாருக்காகவோ பிடித்து வைக்கவும் விடமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. காலைத் தொங்கப் போட்டு உட்காராதே. இந்த நேரத்தில் நீ விமானம் ஏறக் கூடாது என்று உன் டாக்டர் சொன்னாரே, அது ஒன்றைத்தான் நான் டாக்டர்கள் சொன்னதில் நம்புகிறேன்.

இப்படிக்கு,
எல்லோர் மேலும் கோபமாக இருக்கும்
உன் அப்பா


அதே கூடம்
வெள்ளி, பிற்பகல்

என் கண்ணு குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பவில்லை, நேராக உனக்கே அனுப்புகிறேன். முதலில் உட்கார். பக்கத்தில் அவரையும் உட்கார வைத்துக்கொள். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சொன்னபடியே நேற்று காலையில் பெரிய டாக்டர் அறை வாசலில் போய் நின்றேன். அவர் என்னை உள்ளே உட்கார வைத்து, கொட்டாவியையும் பஞ்சுக்குரல் அம்மாவையும் கூப்பிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு எடுக்கலாம்னீங்க, மறுநாள் எடுக்காதேங்கறீங்க. ரெண்டுல எது பொய்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ரெண்டுமே பொய் இல்லைங்க. எங்களுக்குத் தெரியலை" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. என்ன தெரியவில்லை என்றேன். லிவிங் வில் எழுதி வைத்த நோயாளி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லையாம். அதை எப்படி நிறைவேற்றுவது, யார் யார் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாதாம். ஆஸ்பத்திரி வக்கீலைக் கேட்டால் காலையில் ஒன்று சொன்னாராம், சாயங்காலம் வேறு சொன்னாராம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படியானால் அந்தப் பொய்க் கையெழுத்து? "அது பழக்கங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தான் எழுதி வாங்குவாங்க. முறைப்படி வழி இருக்குன்னு உங்க பொண்ணு எடுத்துச் சொன்ன பிறகுதான் நாங்களே தேடிப் பார்த்தோம்" என்றார்.

கொட்டாவி தலை குனிந்துகொண்டே, "காலேஜ்ல இதைப் பத்தி ஒரு பக்கம் இருந்துச்சு சார், பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டேன்" என்றான். லிவிங் வில் என்று நீ சொன்னதும், அதுவும் உறுப்பு தானப் பதிவும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டானாம். உடனே பஞ்சுக்குரல் அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டான். அந்த அம்மா என் முன்னாலேயே அவனைப் பிடித்து உலுக்கிவிட்டார். குரலில் பஞ்சும் இல்லை ஒன்றும் இல்லை. "டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு டாக்டர் குடும்பத்துக்கிட்ட பேசுற வரைக்கும் நான் அவங்க பக்கமே போகக் கூடாது. இவர் மூஞ்சியில இனிமே நான் எப்படி முழிப்பேன்?" என்றார். புதன்கிழமை அவர் என்னிடம் வந்து போன பிறகுதான் உன் அம்மா எழுதிய இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று எந்திரம் வேண்டாம் என்கிறது. இன்னொன்றை நிறைவேற்ற எந்திரம் வேண்டும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று விழித்ததில்தான் எனக்கு எடு என்றும் எடுக்காதே என்றும் வந்து சேர்ந்தது.

டிக்கெட் இல்லாமல் ஏறியவன் வேறு, வண்டி மாறி ஏறியவன் வேறு, குட்டி. இரண்டாவது ஆளும் ஜன்னலைத்தான் பார்ப்பான், வருகிற ஸ்டேஷன் பெயர் தெரிகிறதா என்று. எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடாமல் போய்விட்டது. அதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. இங்கே வண்டி மாறியது பயணி இல்லை, ஓட்டுகிறவர்கள். அதை அவர்களிடமே சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர், "சொல்லுங்க, நியாயம்தான்" என்றார்.

பிறகு அவர் என்னிடம் முகம் பார்த்துப் பேசினார். உயிர் ஊசலாடும்போதுதான் அந்த லிவிங் வில் பேசும், அம்மாவுக்கு ஆகியிருக்குமோ என்று சோதிக்கிற மூளைச்சாவு வேறு என்றார். அது உறுதியானால் அம்மாவை எந்திரத்தில் பிடித்து வைத்திருக்கிறோம் என்ற பேச்சே இல்லை, ஆள் போய்விட்டதாகத்தான் அர்த்தம், உடம்பை மட்டும்தான் எந்திரம் ஓட்டுகிறது என்றார். நீ போனில் சொல்ல வந்ததும் இதுதானே? உறுப்பு மாற்று வேலையோடு சம்பந்தமே இல்லாத டாக்டர்கள் இரண்டு தடவை சோதிப்பார்களாம். முதல் சோதனை நேற்றே முடிந்தது. இரண்டாவது தடவை நானும் உள்ளே இருப்பேன் என்றேன். குடும்பத்தாரை விடுவது வழக்கமில்லை என்றார்கள். "நானும் யாரையும் நம்புறது வழக்கமில்லைங்க" என்றேன். பெரிய டாக்டர் கொஞ்சம் யோசித்து, வாங்க என்றார்.

காத்திருந்த நேரத்தில் அந்த எதிர் பெஞ்சுப் பெண்ணிடமும் கேட்டுவிட்டேன், ஏம்மா சிரிக்கிறாய் என்று. அவர்கள் பெஞ்சு முனையில் நான் வைத்திருந்த பையைக் கொஞ்சம் நகர்த்தினால் புருஷன் கால் நீட்டிக்கொள்வார், கேட்கத் தயக்கமாக இருந்தது என்றாள். அவர்கள் வேறு வார்டுக்கு வந்தவர்கள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இன்று காலை உள்ளே போனேன். அம்மாவின் கண்ணை விரித்து டார்ச் அடித்தார்கள். காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டார்கள். சும்மா காதுக்குள் ஒரு சொட்டு பட்டாலே தலையை உதறிக்கொண்டு ஊரைக் கூட்டுகிறவள், ஆடவில்லை அசையவில்லை. கடைசியில் எந்திரத்தைக் கழற்றி, மெல்லிய குழாய் வழியே ஆக்ஸிஜனை மட்டும் விட்டார்கள். மூளையில் துளி உயிர் இருந்தாலும் நெஞ்சு தானாக எழும்பும் என்றார்கள். எல்லோரும் அவள் நெஞ்சையே பார்த்தோம். நான் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இந்தா, ஒரே ஒரு மூச்சு விடு. இவங்க எல்லார் மூஞ்சியிலயும் கரியைப் பூசிடலாம்" என்றேன். நான் ஒன்று சொல்லி அவள் பதில் சொல்லாமல் இருந்த நாள் உண்டா? கெஞ்சினேன் குட்டி. அத்தனை பேர் முன்னாலும் கெஞ்சினேன். நெஞ்சு அப்படியே கிடந்தது.

பிறகு எந்திரத்தைத் திரும்ப மாட்டினார்கள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. இத்தனை நாளாக அவள் மூச்சு என்று நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கொட்டாவிதான் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். பிள்ளை அழுதுகொண்டிருந்தான்.

நீ சரியாகத்தான் சொன்னாய். அம்மா போய்விட்டாள். உன்னிடம் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் விருப்பப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிறுநீரகம், கல்லீரல், இதயம், எது உதவுமோ எல்லாம். சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போகிறார்கள். கண்ணைக் கேட்டபோது மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். டார்ச் அடித்தபோது அந்தக் கண் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்காத கண் என்று எனக்குச் சொன்னார்கள், தெரிகிறது, ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. பஞ்சுக்குரல் அம்மா வற்புறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் சொன்னால் போதும் சார் என்றார்.

அம்மா முடிவெடுக்கச் சொன்னது உன்னை. இங்கே உள்ளவர்கள் நான் போட்டாலே போதும் என்கிறார்கள். கண் விஷயத்தை மட்டும் என் மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ டாக்டராகச் சொல்கிறாயா மகளாகச் சொல்கிறாயா என்றெல்லாம் பார்க்க மாட்டேன். கொடுத்துடுங்கப்பா என்றால் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் அப்படியே இருக்கட்டும். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பிரசவமாகி, இரண்டு உயிராக நீண்ட காலம் இருக்க வேண்டும். அம்மா இருந்து சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன், ஏற்றுக்கொள்.

இதைப் படித்ததும் கூப்பிடு. அம்மா காதில் போனை வை என்று சொன்னாலும் வைக்கிறேன். அவளுக்குக் கேட்காது என்று எனக்கும் தெரியும். நீ பேசு, நான் வைக்கிறேன்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா